வேலைக்கு வேண்டிய சாமான்

காந்திமதி நாற்காலிகளைக் கழுவத் தொடங்கியபோது பிரான்சிஸ் அந்த வீட்டிலிருந்து இன்னும் கிளம்பவில்லை. தோட்டத்துப் பக்கம் குந்தியிருந்து உளிகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான். பத்தடி தூரத்தில் குழாயடி. அவள் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளையும் அங்கே இழுத்துப் போட்டு, ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றினாள். சோப்புத்தூளைத் தூவி நாரால் தேய்த்தாள். மறுபடி ஒரு வாளி. அவன் பார்ப்பது அவளுக்குத் தெரியும். அதற்காக அவள் அவசரப்படவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

அந்த நாற்காலிகளில் பிரான்சிஸ் உட்காரக்கூட இல்லை. குளியலறைக் கதவு தரையில் உரசுகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். கதவைக் கழற்றி அடியில் கொஞ்சம் இழைக்க வேண்டும். தரையில் போட்டு இழைத்தால் இடுப்பு விட்டுப்போகும் என்று இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, அதன்மேல் கதவைக் கிடத்தி வேலையை முடித்தான். கேட்டுத்தான் எடுத்தான். "எடுத்துக்கோ எடுத்துக்கோ" என்று சொன்னவர் வீட்டுக்காரர் நடராசன், காந்திமதியின் புருஷன்.

நடராசன் கூலியைக் கொடுக்க வந்தார். குழாயடியை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பொம்பளைங்க அப்படித்தான். நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காத."

"சரிங்கய்யா" என்றான் பிரான்சிஸ்.

நாற்காலி கழுவியதைவிட, தன் வாயிலிருந்து வந்த அந்த 'சரிங்கய்யா'தான் விழுப்புரம் போகிற வழியில் வளவனூர் வருகிற வரைக்கும் அவனைக் குத்திக்கொண்டே வந்தது.

பிரான்சிஸுக்கு முப்பத்தாறு வயது. திண்டிவனத்துக்காரன். அப்பா கடைசிவரை கரும்பு வெட்டப் போனவர். குடும்பத்தில் மர வேலைக்கு வந்த முதல் ஆள் இவன்தான். புதுச்சேரியில் ஒரு பட்டறையில் எட்டு வருஷம் கற்றுக்கொண்டு, பிறகு தனியாக வேலை பிடிக்க ஆரம்பித்தான். கதவு, ஜன்னல், அலமாரி, சமையல்கட்டுப் பரண் எல்லாம் செய்வான். கை சுத்தம் என்று பெயர். டவுன் வீடுகளில் யாரும் அவ்வளவாக எதையும் விசாரிப்பதில்லை. ஊர்ப்பக்கம் போனால் இரண்டே கேள்வி. "பேரு இன்னாப்பா?" "திண்டிவனத்துல எந்தப் பக்கம்?" பதில் கிடைத்த கொஞ்ச நேரத்தில் தண்ணீர் காகிதக் கப்பில் வந்துவிடும். டீயும் அப்படித்தான். கல்யாண வீட்டில் மீந்த கப்புகளை இதற்கென்றே எடுத்து வைத்திருப்பார்களோ என்று அவனுக்குத் தோன்றும்.

அன்றைக்கு விழுப்புரம் வந்ததும் அவன் நேராக ஒரு ஹார்டுவேர் கடை முன்னால் பைக்கை நிறுத்தினான். அந்தக் கடையில் ஒரு மடக்கு பெஞ்சு ஆறேழு மாதமாக அவன் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. இரும்புக் கால்கள், மேலே இரண்டு பலகைகள். கைப்பிடியைத் திருகினால் பலகைகள் நெருங்கி வந்து நடுவில் வைத்ததை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மடக்கினால் பெரிய சூட்கேஸ் அளவுதான். பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு எங்கேயும் போகலாம்.

"எடுங்கண்ணே அத" என்றான்.

கடைக்காரர் முருகையன் பெஞ்சைத் தூக்கி வந்து விரித்துக் காட்டினார். கூடவே மேசைமேல் சாமான்களைப் பரப்ப ஆரம்பித்தார். "பெஞ்சு மட்டும் வாங்கிக்கினு போறது, சட்டி வாங்கிட்டு கரண்டி வாங்காம போறாப்பலப்பா. இத பாரு, பலகையில இருக்கிற ஓட்டைங்கள்ல சொருகற முளை. நாலு. இது நீளப் பலகைக்கு அந்தப் பக்கம் முட்டு குடுக்கிற ஸ்டாண்டு, மேல உருளை இருக்கு. இது கிளாம்ப், ஒரே கையால இறுக்கலாம். இது பக்கத்துல மாட்டற தட்டு, ஸ்க்ரூ போட்டு வைக்க. இது கவ்வி நிக்கிற லைட்டு."

"இருபதடி வயரோட ஜங்ஷன் பாக்ஸ் இருக்கா?"

"இருக்கே."

"மடக்கு ஸ்டூலு? தார்ப்பாய்?"

"எல்லாம் இருக்கு. கடையே வெக்கப் போறியா?"

"இல்லண்ணே. இனிமே போற வீட்டுல யாருகிட்டயும் எதுவும் கேக்கக் கூடாது. நாற்காலி கேக்கக் கூடாது, ஸ்டூலு கேக்கக் கூடாது, தொடப்பம்கூட கேக்கக் கூடாது."

முருகையன் அவன் முகத்தைப் பார்த்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. ஒரு சின்ன துடைப்பத்தையும் எடுத்து வந்து குவியலில் வைத்தார்.

அங்கிருந்து பக்கத்துப் பாத்திரக்கடைக்குப் போய் மூடி போட்ட எவர்சில்வர் டம்ளர் ஒன்று, சாப்பாட்டுத் தட்டு ஒன்று, இரண்டு லிட்டர் தண்ணீர் பிடிக்கும் பாட்டில் ஒன்று வாங்கினான். திண்டிவனம் வரைக்கும் நெடுஞ்சாலையில் பெஞ்சைக் கட்டிக்கொண்டு போகும்போது மனசு லேசாக இருந்தது. யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாத ஆளாகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டான்.

அவன் மனைவி ஆரோக்கியசெல்வி ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறாள். ஆறு மணிக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது வாசலறை முழுக்கச் சாமான் பரந்து கிடந்தது. அவள் பையைக்கூட இறக்கவில்லை. கடையில் மாத்திரை அட்டையை எடுத்துப் பார்ப்பது போல ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

"இது எதுக்கு?"

"முளை. ஓட்டையில சொருகிட்டா பலகை நகராது."

"இது?"

"நீளப் பலகைக்கு முட்டு."

"இவ்ளோ நீட்டு வயரு?"

"அவங்க ஜங்ஷன் பாக்ஸ கேக்க வேணாம்ல."

"ஸ்டூலு?"

"அவங்க ஸ்டூல கேக்க வேணாம்."

அவள் எவர்சில்வர் டம்ளரைத் தூக்கினாள். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள்.

"யாரு வீட்டுல இன்னா நடந்துச்சு?"

அவன் சொன்னான். சொல்லி முடிக்கிற வரை அவள் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை.

"அந்தம்மா பாவம், ரெண்டு நாற்காலிய ஒக்காந்து கழுவினாங்க. அடுத்த வாட்டி அவங்களுக்கு அந்த வேலையும் இல்லாம பண்ணிட்ட. சோப்புத்தூளு மிச்சம்."

"செல்வி, வெளையாடாத."

"நானா வெளையாடறேன்? எங்க தாத்தா டீக்கடைக்குப் போறப்ப இடுப்புல டம்ளரு சொருவிக்கினு போவாரு. கடைக்காரன் சொன்னான், அவரு எடுத்துகினு போனாரு. அது அலுமினியம். உன்னுது எவர்சில்வர், மூடி வேற. உனக்கு யாரும் சொல்லக்கூட இல்ல. நீயே உன் காசுல வாங்கிக்கினு வந்து நிக்கிற."

"அப்ப இன்னா பண்ணச் சொல்ற? காலத்துக்கும் காகிதக் கப்புல குடிச்சிகினு கெடக்கவா?"

"குடிக்காத. டம்ளர்ல குடுன்னு கேளு. குடுக்கலன்னா குடிக்காத. அடுத்த வாட்டி போகாத."

"வேலை போயிடும்."

"போவட்டும். எல்லாமா போயிடும்?"

அவனுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. நாள் முழுக்கக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன தெரியும், அடுத்தவன் வீட்டுக்குள் கால் வைத்து வேலை செய்வது எப்படி இருக்கும் என்று என்னவோ சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். டீக்கடையில் அரை மணி நேரம் நின்றான். தான் கோபப்பட்டது அவள் தப்பாகச் சொன்னதற்காக அல்ல என்பது அவனுக்கே தெரிந்திருந்தது. திரும்பி வந்து சாப்பிட்டான்.

காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது வாசற்படியில் நின்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "எது வேலைக்கு வேணும், எது அவங்களுக்காக வேணும்னு பிரிச்சுப் பாரு. அவ்ளோதான்."

அவள் போன பிறகு அவன் தரையில் உட்கார்ந்து சாமான்களை இரண்டு குவியலாகப் பிரித்தான். முளைகள், கிளாம்ப், உருளை ஸ்டாண்டு எல்லாம் வேலைக்கு. அதில் யோசனையே இல்லை. வயர் பாக்ஸை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். புது வீடுகளில் பாதி அறைக்கு மின் இணைப்பே வந்திருக்காது, கட்டாயம் தேவைப்படும். வேலைக்குவியலில் வைத்தான். ஸ்டூல், பரண் வேலைக்கு ஆகும். தார்ப்பாய், சீவலும் தூளும் ஓரிடத்தில் விழும், அள்ளிக்கொண்டு போகலாம். துடைப்பம், அதுவும் வேலைதான். தான் போட்ட குப்பையைத் தான்தான் எடுக்க வேண்டும். பெஞ்சின் பக்கத்தில் மாட்டும் தட்டை மாட்டிப் பார்த்தான். ஸ்க்ரூ டப்பாவை வைத்ததும் சாய்ந்தது. கவ்வி நிற்கும் லைட் பலகையை அசைத்தால் தானும் தலையாட்டியது. இரண்டும் எந்தக் குவியலுக்கும் ஆகாது. கடைசியில் மிஞ்சியவை டம்ளரும் தட்டும் பாட்டிலும்தான். அவற்றைச் சமையலறையில் கொண்டுபோய் வைத்தான்.

விழுப்புரத்துக்குப் போய் ஸ்க்ரூத் தட்டையும் லைட்டையும் முருகையனிடம் திருப்பிக் கொடுத்தான்.

"நல்ல சாமான்பா இது. எல்லாரும் வாங்கிக்கினு போறாங்க."

"எனக்கு ஆவலண்ணே. இதுக்குப் பதிலா கிளாம்ப் இன்னும் ரெண்டு குடுங்க. அப்புறம் பெஞ்சு காலுக்கு அடியில போட ரப்பரு. டைல்ஸ் தரையில இழைக்கிறப்ப வழுக்கிக்கினு போவுது."

முருகையன் முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார்.

அந்தப் பெஞ்சு அவன் வேலையையே மாற்றிவிட்டது. முன்பெல்லாம் ஒரு கதவை இழைக்க ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இப்போது கதவைப் பக்கவாட்டில் நிறுத்திப் பெஞ்சோடு சேர்த்து இரண்டு கிளாம்ப் போட்டுவிட்டால் பாறை மாதிரி நின்றது. ப்ளைவுட் அறுக்கும்போது மறுமுனை உருளை ஸ்டாண்டின்மேல் தானாக வழுக்கிக்கொண்டு போனது. முளைகள்தான் பெரிய உதவி. சின்னச் சட்டங்களை நாலு முளைக்கு நடுவில் வைத்து இறுக்கினால் உளி போட்டாலும் நகராது. இடுப்பு வலி பாதியாகக் குறைந்தது. தண்ணீர் கேட்க வேண்டிய வீடுகளில் கேட்டான். டவுனில் எல்லோரும் டம்ளரில் கொடுத்தார்கள். இரண்டு இடங்களில் காகிதக் கப் வந்தது. வேண்டாம் என்றான். ஓரிடத்தில் மாற்றிக் கொடுத்தார்கள், இன்னோரிடத்தில் கொடுக்கவில்லை. அங்கே தாகத்தோடு வேலை செய்துவிட்டு, வரும் வழியில் இளநீர் குடித்தான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை நடராசனிடமிருந்து போன் வந்தது.

"பிரான்சிசு, ஒரு அவசரம்பா. நம்ம இளவரசிக்கு வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். வாசலுக்குப் புதுசா ரெட்டைக் கதவு போட்டோம், தேக்கு. போட்ட ஆளு பெங்களூரு போயிட்டான். மழைக்கு வீங்கிக்கினு சாத்தவே மாட்டேங்குது. மாப்ள வீட்டுக்காரங்க வர்ற நேரத்துல கதவு இப்படி அரைகுறையா நின்னா நல்லாவா இருக்கும்? ஜல்தியா வந்து பாருப்பா."

துணி மடித்துக்கொண்டிருந்த செல்வி நிமிர்ந்து பார்த்தாள்.

"வியாழக்கிழமை வர்றேண்ணே" என்றான். முதல் தடவையாக அவரை அண்ணே என்று கூப்பிட்டான். மறுமுனையில் அதை அவர் கவனித்தாரா தெரியவில்லை. "கதவு தூக்க ஒரு ஆளு வேணும். நீங்க இருந்தா போதும். பெஞ்சை ஹாலுல போடுவேன்."

"ஹாலுலயா? தூளு பறக்குமேப்பா. பின்னாடி மாட்டுக்கொட்டாயில போட்டுக்கோயேன், கூரை இருக்கு."

"கொட்டாயில ஈரம். மரம் இன்னும் வீங்கும். அது ஒண்ணு. இன்னொண்ணு, எனக்கு ஹாலுதாண்ணே வேணும். தார்ப்பாய் விரிச்சிப்பேன், தூளு ஒண்ணும் ஆவாது."

"சரி, வா" என்றார் நடராசன்.

போனை வைத்ததும் செல்வி கேட்டாள், "தண்ணி?"

"அத போன்ல பேச மாட்டேன். அங்க போய் பேசறேன்."

வியாழக்கிழமை காலை மழைக்கோட்டு போட்டுக்கொண்டு பிரான்சிஸ் போய்ச் சேர்ந்தான். பெஞ்சைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாகவே உள்ளே போனான். ஹாலின் நடுவில் தார்ப்பாய் விரித்துப் பெஞ்சை நிறுத்தினான். காந்திமதி சமையலறை நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள். "வா" என்றும் சொல்லவில்லை, "இங்கே போடாதே" என்றும் சொல்லவில்லை. அவள் மகள் இளவரசி புடவைக் கடை ஆட்களோடு போனில் பேசிக்கொண்டே மாடிக்குப் போனாள்.

கதவைக் கழற்றும்போது நடராசன் ஒரு பக்கம் பிடித்தார். ஏழடி உயரத் தேக்கு நல்ல கனம். இருவரும் மூச்சுப் பிடித்துத் தூக்கிவந்து பெஞ்சோரம் நிறுத்தினார்கள். பிரான்சிஸ் கிளாம்புகளை இறுக்கினான். நடராசன் கையை எடுத்துவிட்டுக் கதவை லேசாக அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

"பரவாயில்லையே" என்றார்.

பிரான்சிஸ் கதவின் அடிவிளிம்பைத் தடவிக் காட்டினான். "பாருங்கண்ணே. மொகத்துக்கெல்லாம் பளபளன்னு பாலிஷ் போட்டிருக்கான். அடியிலயும் மேலயும் ஒரு கைகூட வார்னிஷ் அடிக்கல. வாசல் கழுவற தண்ணி, மழைத் தண்ணி எல்லாத்தையும் மரம் அடியில இருந்து குடிச்சிருக்குது."

இழைப்புளியைப் பிடித்து ஓட்ட ஆரம்பித்தான். சீவல் சுருள்சுருளாகத் தார்ப்பாயில் விழுந்தது. தேக்கு மணம் ஹாலை நிறைத்தது. வெளியே மழை பெய்தாலும் இழைப்பவனுக்கு வேர்க்காமல் இருக்காது. ஒரு மணி நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"குடிக்கத் தண்ணி குடுங்கம்மா" என்றான்.

காந்திமதி உள்ளே போய் வந்தாள். ஜன்னல் விளிம்பில் ஒரு காகிதக் கப்பை வைத்துவிட்டு விலகி நின்றாள்.

"டம்ளர்ல குடுங்கம்மா."

"அதுலயும் தண்ணிதான் இருக்குது."

"ஆமா. ரெண்டும் ஒரே தண்ணிதானே, டம்ளர்லயே குடுக்கலாமே."

நடராசன் நடுவில் வந்தார். "ஏம்பா, நல்ல காரியம் நடக்கப் போற வீடு. வந்த எடத்துல பேஜாரு பண்ணாத. உன் பையில தண்ணி பாட்டிலு இருக்கும்ல?"

"இல்லண்ணே. மத்த சாமான் எல்லாம் எடுத்தாந்தேன். அத மட்டும் வேணும்னேதான் வெச்சிட்டு வந்தேன்."

காந்திமதி "திமிரப் பாரு" என்றாள், அவனுக்குக் கேட்கும்படியாகவே.

"வேலைய நிறுத்த மாட்டேம்மா" என்றான் பிரான்சிஸ். "சொன்ன வேலைய சாயங்காலத்துக்குள்ள முடிச்சிட்டுத்தான் போவேன். அதுக்கும் இதுக்கும் சம்மந்தம் இல்ல. ஆனா அந்தக் கப்புல குடிக்க மாட்டேன்."

மறுபடி குனிந்து இழைத்தான். மனசில் இருப்பது பயமா கோபமா என்று பிரித்துச் சொல்ல அவனால் முடியவில்லை. இழைப்புளி ஓரிடத்தில் துள்ளியது. நின்று, மூச்சு விட்டு, கத்தியைச் சரிசெய்து மறுபடி ஓட்டினான். கதவைத் தட்டையாகப் பெஞ்சின்மேல் கிடத்தி, மறுமுனைக்கு உருளை ஸ்டாண்டை முட்டுக் கொடுத்து, அடிவிளிம்புக்கு முதல் தடவை வார்னிஷ் பூசினான். அது காய்வதற்குள் நிலையில் கீல் உட்காரும் பள்ளத்தைச் சுத்தம் செய்தான். ஜன்னல் விளிம்பில் அந்தக் காகிதக் கப் அப்படியே இருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

பதினொன்றரை மணிக்கு முதல் கதவைத் தூக்கி மாட்டினார்கள். நடராசனுக்கு ஐம்பத்தைந்து வயதாவது இருக்கும். பிரான்சிஸ் மேல் கீலுக்கு ஸ்க்ரூ முடுக்கும் வரைக்கும் அவர்தான் கதவை முழங்காலால் முட்டுக்கொடுத்துத் தாங்க வேண்டியிருந்தது. ஒருமுறை அவர் பிடி வழுக்கியது. கதவு சாயப் பார்த்தபோது பிரான்சிஸ் தோளைக் கொடுத்து நிறுத்தினான். இருவருடைய தோளும் ஒரே பலகையில் ஒட்டிக்கொண்டு நின்றன. மூன்று கீலும் பிடித்துக்கொண்டதும் நடராசன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"காந்தி, தண்ணி கொண்டா" என்றார்.

அவள் சொம்பில் கொண்டுவந்தாள். அவர் அண்ணாந்து கடகடவென்று பாதிச் சொம்பு குடித்தார். சொம்பை இறக்கியபோது பிரான்சிஸ் கண்ணில் பட்டான். பிரான்சிஸ் அவரைப் பார்க்கவில்லை. ஸ்டூலின்மேல் நின்று மேல் கீலில் கடைசி ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தான். உதடு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. நடராசன் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய் அதைப் பெஞ்சின்மேல் சீவல்களுக்கு நடுவே வைத்தார்.

"குடி" என்றார்.

"என்னங்க!" என்றாள் காந்திமதி.

"இருக்கட்டும். உள்ள போ."

அவள் போகவில்லை. பிரான்சிஸ் கையிலிருந்த ஸ்க்ரூவை முழுக்க முடுக்கி முடித்தான். கீழே இறங்கினான். கையைப் பழைய வேட்டித் துணியில் துடைத்துக்கொண்டான். சொம்பை எடுத்து, அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல், விளிம்பில் வாய் வைத்துக் குடித்தான். ஒரு சொட்டு விடாமல் குடித்தான்.

"இன்னும் கொஞ்சம் வேணும்ணே."

காந்திமதி அப்போதுதான் திரும்பி உள்ளே போனாள். அவள் தண்ணீர் எடுக்கப் போகவில்லை என்பது மூவருக்கும் தெரியும். நடராசனே சொம்பை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். உள்ளே ஏதோ தாழ்ந்த குரலில் வாக்குவாதம் கேட்டது. திரும்பி வந்தவர் சொம்பை இந்தத் தடவை பெஞ்சில் வைக்காமல் நீட்டினார். பிரான்சிஸ் அவர் கையிலிருந்தே வாங்கினான்.

அவர் மனசு மாறிவிட்டது என்று பிரான்சிஸ் நினைத்துக்கொள்ளவில்லை. ஒரு கதவு மாட்டியாகிவிட்டது, இன்னொன்று பாக்கி. விடிந்தால் நிச்சயதார்த்தம். அவசரத்துக்கு வந்த தண்ணீர்தான். ஆனாலும் கேட்டபடி வந்தது.

இரண்டாவது கதவை முடிக்க நாலு மணி ஆயிற்று. சாத்திப் பார்த்தபோது இரண்டு கதவும் நடுவில் வந்து சத்தமில்லாமல் பொருந்தின. நடராசன் ஒரு விரலால் தள்ளித் திறந்தார், ஒரு விரலால் சாத்தினார். நாலைந்து தடவை செய்து பார்த்தார். பிரான்சிஸ் தார்ப்பாயைச் சுருட்டினான். காந்திமதி ஈரத்துணியும் வாளியுமாகக் கதவை நோக்கி வந்தாள்.

"தண்ணி படக் கூடாதும்மா" என்றான் அவன். "வார்னிஷ் முழுசா காய மூணு நாளாவும். இப்ப நனைச்சா மறுபடி வீங்கிக்கும். நாளைக்குச் சாத்த முடியாது."

அவள் துணியைப் பிடித்தபடி நின்றாள்.

"என் கை படாத எடம் அந்தக் கதவுல இல்ல. அப்படியேதாம்மா இருக்கட்டும்."

அவள் அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கமோ வெட்கமோ எதுவும் இல்லை, சுத்தமான கோபம். அவனும் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவள் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் செல்வி அவித்த மல்லாட்டைக் கடலையை நடுவில் வைத்துக்கொண்டு முழுக்கதையையும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். "எப்படி இருந்துச்சு அவங்க வீட்டுத் தண்ணி?"

"நல்லாவே இல்ல. ஒரே உப்பு."

அவள் வாயில் இருந்த மல்லாட்டை புரையேறுகிற மாதிரிச் சிரித்தாள்.

சிரிப்பு பத்து நாள்கூட நீடிக்கவில்லை. அந்த ஊரிலேயே நடராசனின் சித்தப்பா மகன் ஒருவர் முழுச் சமையல்கட்டு வேலை பேசியிருந்தார். கிட்டத்தட்ட ஒரு மாத வேலை. அவர் போன் செய்து வேறு ஆள் பார்த்துவிட்டதாகச் சொன்னார். பிரான்சிஸ் ஏன் என்று கேட்டான். "வேலை சுத்தம்னுதான் சொன்னாங்க. வாய் ஜாஸ்தின்னும் சொன்னாங்கப்பா" என்று அவர் மறைக்காமல் சொல்லிவிட்டார். பிரான்சிஸ் இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. தன்னால்தான் இது என்று செல்வி மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்தானோ என்னவோ, அவள் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலையில், "ஒரு மாசத்துக்கு என் சம்பளத்துல ஓட்டலாம். மொகத்த இப்படி வெச்சிக்காத" என்று மட்டும் சொன்னாள்.

அவன் முகத்தைக் கழுவிக்கொண்டு போனை எடுத்தான். எடுக்காமல் விட்ட மூன்று அழைப்புகளுக்குத் திருப்பிப் பேசினான். கெடார் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, வீட்டில் என்னென்ன தயாராக வைக்க வேண்டும் என்று கேட்டார்.

"ஒரு பிளக் பாயிண்ட் இருந்தா போதும்மா, வயரு என்கிட்ட இருக்கு. பெஞ்சு, ஸ்டூலு எல்லாம் என்னுதே. நிக்க எடம் முன்பக்கமா குடுத்துடுங்க. சோறும் தண்ணியும் நீங்க சாப்பிடற பாத்திரத்துலயே குடுத்துடுங்க."

மறுமுனை தயங்கியது. "அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். அடுத்தவர் பாதியிலேயே துண்டித்தார். மூன்றாவது ஆள் திருவாமாத்தூர்க்காரர், ஒரு வாத்தியார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதையெல்லாமா சொல்லிக்கினு இருப்பீங்க?" என்றார் சலிப்பாக. "பரண் எவ்ளோ நாள்ல முடியும், அத சொல்லுங்க."

"நாலு நாளுங்க" என்றான் பிரான்சிஸ்.

மறுநாள் காலை திருவாமாத்தூருக்குக் கிளம்பப் பெஞ்சை மடக்கிப் பைக்கின் பின்னால் வைத்தான். செல்வி வந்து கயிற்றின் ஒரு முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அவன் மறுமுனையில் முடிச்சுப் போட்டான்.